பந்து பட்ட வயிறு

பூவரசன் ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். கொடாப்பைத் தூக்கிக் கோழிகளை வெளியே விட்டான். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினான். மாசி மாதத் தண்ணீர், பல் கூசியது. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். டீத்தூள், வெல்லம். நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். வாசலைப் பெருக்கினான். நேற்று மிஞ்சிய சாமைச் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். கதவைச் சாத்தினான். பூட்டவில்லை. பலாக்கொல்லையில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை.

மற்ற நாளாக இருந்தால் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருப்பான். பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு அங்கே புளியும் கடுக்காயும் தேனும் எடை போடுகிற வேலை. இன்றைக்கு ஞாயிறு. மாமனார் வீட்டில் புளி தட்ட ஆள் வேண்டும். அதோடு, மத்தியானம் செல்லி வருகிறாள்.

செல்லி வந்தால் செத்தவர்கள் பேசுவார்கள். ஒருவர் செத்து வருசம் திரும்புவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, செத்தவரை அவள்மேல் வரவழைத்துக் குறை கேட்பது அந்த ஊர் வழக்கம். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் எந்த முடிவும் எடுப்பார்கள். நிலம் விற்பதோ, பெண் கொடுப்பதோ, பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவதோ அதுவரைக்கும் நிற்கும். செத்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு நின்றே போகும். பூவரசனின் மனைவி ரேணுகா செத்து வருகிற வாரத்தோடு ஒரு வருசம்.

மாமனார் கோவிந்தன் வீடு மேட்டில் இருந்தது. வாசல் முழுக்கப் புளியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மாமியார் கன்னியம்மாள் தட்டைக் கல்லில் பழத்தை வைத்து இன்னொரு கல்லால் தட்டினாள். ஓடு நான்கு பக்கமும் தெறித்தது. ரேணுகாவின் தங்கை காந்தா ஓடு போன பழத்தை எடுத்து நாரை உருவினாள். கோவிந்தன் சின்னக் கத்தியால் கீறிக் கொட்டையைத் தள்ளினார். பூவரசன் காந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நார் உருவ ஆரம்பித்தான்.

"சாப்ட்டியா மாப்ள?" என்றார் கோவிந்தன்.

"ஆச்சுங்க மாமா."

"இன்னா கொழம்பு?"

"மோர்."

"மோரு ஒரு கொழம்பா? ஏ காந்தா, நேத்து கருவாட்டுக் கொழம்பு கீதான்னு பாரு, மாமனுக்கு எட்த்தாந்து வையி."

"வாயக் கழுவு," என்றாள் கன்னியம்மாள். "இன்னிக்கு பொண்ணக் கூப்புடறோம். இன்னிக்குப் போயி கவிச்சியப் பத்திப் பேசிக்கினு."

"நான் இன்னா சட்டியத் தூக்கிக்கினா வந்தேன்? பேச்சுதான."

"பேச்சுலயும் வேணாம்."

காந்தா சிரித்தாள். பத்தொன்பது வயது. கெண்டைக்கால் இரண்டும் கட்டை மாதிரி இறுகியிருந்தன. அக்காவைப் போலவே அவளும் பந்தை வாங்கி கோல் போடுகிற இடத்தில், முன்னணியில் ஆடுகிறவள். சென்னையில் ஒரு பெண்கள் கிளப் அவளை லீக்கில் ஆட எடுத்திருந்தது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. புதன்கிழமை அங்கே போய் நிற்க வேண்டும். வாணியம்பாடி ஃபரூக் பாய்தான் அலைந்து பேசி வாங்கித் தந்தார். இன்றைக்குப் பதில் கேட்க அவரும் வருகிறார்.

"பாய் எந்த பஸ்ஸுல வராரு?" என்று கோவிந்தன் கேட்டார்.

"பத்து மணி ஆலங்காயம் பஸ்ஸுல," என்றாள் காந்தா.

"வர்ட்டும். மரியாதப்பட்ட மனுசன். வந்து வயிறாரச் சாப்ட்டு போவட்டும். ஆனா பதிலு மட்டும் அவரு நெனைக்கறது கெடைக்காது."

"அக்கா இன்னும் வரவேயில்ல. அதுக்குள்ள பதிலு ரெடியா?"

"உங்கக்கா வந்து இன்னாடி சொல்லப் போறா? வயித்துல பந்து வாங்கிச் செத்தவ, நீயும் போயி ஒண்ணு வாங்கிக்கினு வான்னா சொல்லுவா?"

"பந்துதான்," என்றாள் கன்னியம்மாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "பந்துதான. வேற இன்னா."

கல் நின்று, மறுபடி விழுந்தது.

கீழ்த்தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"அத்த, புள்ளைக்குக் கொடலு ஏறிகீது போல. ராவெல்லாம் அழுவுது. சித்த எடுத்து வுடேன்."

மலையில் அந்தச் சுற்று வட்டாரத்துக்கே வயிறு எடுத்துவிடுகிறவள் கன்னியம்மாள்தான். விளக்கெண்ணெயைத் தொட்டுக்கொண்டு அடிவயிற்றிலிருந்து மேலே நீவி அழுத்துவாள். அழுதுகொண்டு வந்த பிள்ளை தூங்கிக்கொண்டு போகும். அமிர்தி பக்கமிருந்துகூட ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

கன்னியம்மாள் இரண்டு கையையும் புளிக்குவியலுக்குள் விட்டாள்.

"கையெல்லாம் புளிடி. எரியும் புள்ளைக்கு."

"கழுவிக்கினு வாயேன். நிக்கறேன்."

"நர்சம்மாகிட்ட காட்டுன்னா காட்டேன். எல்லாத்துக்கும் என் வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு."

அந்தப் பெண் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். கோவிந்தன் கத்தியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "ஒரு வருசமா ஏன்டி இப்டி வெரட்டற?" என்றார். அவள் அடுத்த பழத்தைக் கல்லில் வைத்துத் தட்டினாள். காந்தா பூவரசனைப் பார்த்தாள். அவன் நாரைப் பார்த்தான்.

பஸ் வரும் நேரத்துக்குப் பூவரசன் கிளம்பினான். காந்தாவும் பின்னாலேயே வந்தாள். பனி விலகி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எதிர்மலையில் எங்கோ சருகு பற்றி எரிந்தது. புகை மேலே போகாமல் பள்ளத்திலேயே படுத்துக் கிடந்தது.

உண்டு உறைவிடப் பள்ளியின் மைதானம் வழியில்தான். மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். மேற்குக் கோட்டைத் தாண்டினால் உண்ணிச்செடிப் புதர், புதரைத் தாண்டினால் ஓடை. ஓடையில் பந்து விழுந்தால் உதைத்தவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். ரேணுகா ஏழாவது படிக்கும்போது அங்கே வெறுங்காலோடு ஆட ஆரம்பித்தாள். அந்தச் சரிவில் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: கோலுக்கு நேராக உதைத்தால் கோல் விழாது. மேட்டுப் பக்கம் ஒரு முழம் தள்ளி உதைக்க வேண்டும். பந்து தானாக இறங்கிக் கம்பங்களுக்கு நடுவில் போகும்.

திருப்பத்தூரில் கல்லூரிக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் ரேணுகா ஒரு கோல்கூடப் போடவில்லை. அடித்ததெல்லாம் வெளியே. பார்த்தவர்கள், மலையிலிருந்து ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள் என்று சிரித்தார்கள். அப்போது அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பூவரசன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சாயங்காலங்களில் வாணியம்பாடியில் பெண் பிள்ளைகளுக்கு கிளப் நடத்துகிறவர். பெயர் ஃபரூக்.

"மொத பாதியில எல்லாம் வலது கம்பத்துக்கு வெளிய போச்சு. சைடு மாறுன அப்பறம் எல்லாம் எடது கம்பத்துக்கு வெளிய," என்றார் அவர். "பாத்தீங்களா தம்பி, ரெண்டுமே கிழக்கு. இந்தப் பொண்ணு தப்பா அடிக்கல. இவங்க ஊரு மேடு இவ கால்ல ஏறி உக்காந்துகினு கீது."

அந்த மேட்டை அவள் காலிலிருந்து இறக்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அதன்பிறகு ரேணுகா கோல் போடாத வாரம் குறைவு. கல்லூரிக்கு ஆடினாள், பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள். மாநில அணியில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் இறங்கி, வந்த முதல் பந்தையே உள்ளே தள்ளினாள். அடுத்த வருசம் முழங்கால் போனது. ஆபரேசன், ஒரு வருசம் ஓய்வு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் என்று நினைத்த வேலை வரவில்லை. பூவரசனைக் கட்டிக்கொண்டாள். இனிமேல் ஆட மாட்டாள் என்று கோவிந்தன் நினைத்தார். கல்யாணமான மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வாணியம்பாடிக்குப் போனாள். வேகம் போயிருந்தது. ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்திருந்தது. ஓடாமல், முன்னாலேயே போய் அங்கே நின்றாள். முன்பைவிட அதிகமாகக் கோல் போட்டாள்.

பூவரசன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற புத்தகத்தோடு கோட்டோரம் உட்காருவான். "நீ வந்தியா வரலியான்னே தெர்ல. ஒரு தடவயாவது கைய தட்டுய்யா," என்பாள் திரும்பி வரும்போது.

கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கோலை மறைத்து வரிசையாக நிற்கிற தடுப்புச் சுவரில் ரேணுகாவும் நின்றாள். பந்து வயிற்றில் அடித்தது. விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். பிறகு ஒரு கோலும் போட்டாள். அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை அடிவயிற்றில் வலி வந்தது. பந்து பட்டதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். கன்னியம்மாள் விளக்கெண்ணெய் போட்டு எடுத்துவிட்டாள். புதன்கிழமை காலையில் வலி அதிகமாக, இன்னொரு முறை எடுத்துவிட்டாள். மத்தியானம் சட்டென்று வலி நின்றது. ரேணுகா எழுந்து உட்கார்ந்து களி கேட்டு வாங்கித் தின்றாள். அம்மா கை அம்மா கைதான் என்று கோவிந்தன் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னார். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை விடியும்போது வயிறு பலகையாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பூவரசன் மட்டும் கூட ஏறினான். மலைப்பாதையில் பாதி தூரம்வரை அவள் நினைவோடு இருந்தாள். பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது என்றார். ஊருக்கு வந்து அவன் சொன்னது ஒரு வரிதான்: வயிற்றுக்குள் வெடித்துவிட்டதாம். பந்து பட்டு வெடித்தது என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"மாமா," என்றாள் காந்தா. இருவரும் மைதானத்தின் மேட்டுப் பக்கம் நின்றிருந்தார்கள். "செல்லி வர்றதுக்குள்ள நீ ஒரு வார்த்த அப்பாகிட்ட சொல்லு. டாக்டர் சொன்னத சொல்லு. பந்து இல்லன்னு சொல்லு."

"பந்து இல்லன்னா வேற இன்னான்னு கேப்பாரு."

"குடல்வாலுன்னு சொல்லு."

"அது ஏன் வெடிச்சுதுன்னு கேப்பாரு."

காந்தா காலால் ஒரு கல்லைத் தள்ளினாள். அது உருண்டு மேற்கே போனது.

"எண்ணெக் கிண்ணிய நாந்தான் புடிச்சிக்கினு இருந்தேன்," என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு யார் சொன்னா?"

"பாய்தான். அவருக்கு ஒண்ணியும் தெரியாது. அவருக்கு ஆபரேசன் ஆன கதைய சொல்லிக்கினு இருந்தாரு. குடல்வால் நோவுக்கு கையே வெக்கக் கூடாதாம்மா, அழுத்தனா வெடிச்சிடுமாம்மான்னு சும்மா பேச்சுக்கு சொன்னாரு. அக்காவுக்கும் அதேதான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாமயா ஒருத்தர் வயித்தையும் தொடாம கீது?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா வண்டில என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலயா மாமா?"

"இல்ல."

"சொன்னான்னு சொல்லேன். தங்கச்சி ஆடணும்னு சொன்னான்னு சொல்லேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. செல்லி சொன்னா நம்பறாங்க, நீ சொன்னா நம்ப மாட்டாங்களா?"

பூவரசன் தனக்குள் அழுகையோ கோபமோ ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். ஒரு வருசமாக அப்படித்தான் பார்க்கிறான். பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸு வருது," என்றான்.

ஃபரூக் பாய் இறங்கியதும் முதலில் மலையைத் திட்டினார். "யா அல்லா, பதினஞ்சு வளைவு, பதினஞ்சுலயும் என் கொடலு வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு போவுது. தம்பி, சௌக்கியமா? காந்தா, ப்ராக்டீஸ் பண்றியா, இல்ல புளி உருண்டை உருட்டறியா?"

"ரெண்டுந்தான் பாய்."

வீட்டில் கோவிந்தன் அவருக்குக் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் பலாமரத்தடியில் போட்டார். கன்னியம்மாள் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் தயாராக வைத்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நோன்பு," என்றார் பாய்.

"அட, மறந்தே பூட்டேன்," என்றார் கோவிந்தன். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுப்புச் சொல்ல வேண்டும் என்று இருந்தார். வெறும் வயிற்றோடு இருக்கிற மனுசனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? "தண்ணிகூட கெடையாதா?"

"எச்சில்கூட யோசிச்சுத்தான் முழுங்கணும்."

"தூக்குல போட்டுத் தர்றேன். சாயங்காலம் நோன்பு வுட்டுட்டு சாப்டுங்க," என்றாள் கன்னியம்மாள். பாய் தலையாட்டினார்.

"கோவிந்தன், நேரா கேக்கறேன். பொண்ண அனுப்பறீங்களா?"

"பாய், உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. பெரியவள கண்ணு மாதிரி பாத்துக்கினீங்க. செத்தன்னிக்கு எங்களுக்கு முந்தி நீங்கதான் அங்க நின்னு அழுதீங்க. ஆனா ஒண்ணு. பந்துக்கு ஒருத்திய குடுத்துட்டேன். இன்னொருத்தியையும் குடுன்னா எப்டி?"

பந்து பட்டு யாரும் சாவதில்லை என்ற பதில் பாயின் வாய்வரை வந்தது. ஆனால் அன்றைக்கு ரேணுகாவைத் தடுப்புச் சுவரில் நிற்க வைத்தவரே அவர்தான். அதை விழுங்கிவிட்டு, "பந்துதான்னு டாக்டர் சொன்னாரா தம்பி?" என்று பூவரசனைக் கேட்டார்.

பூவரசன் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாள் தூக்குச் சட்டியின் மூடியைக் கீழே போட்டாள். அது சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்கியது.

"செல்லி வந்துட்டா," என்றாள்.

செல்லி மெலிந்த பெண். நெற்றி முழுக்கக் குங்குமம். உடுக்கை அடிக்கிற தம்பியும் கூட வந்தான். கன்னியம்மாள் அவளைக் கால் கழுவப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் திரும்பி வர நேரம் பிடித்தது. கன்னியம்மாளின் கண் சிவந்திருந்தது.

வீட்டுக்குள் நடுவில் கோலம் போட்டு, மஞ்சள் தண்ணீரும் பொரியும் வெற்றிலையும் வைத்தார்கள். ரேணுகாவின் கல்யாணச் சேலையை மடித்து வைத்தார்கள். அவளுடைய மஞ்சள் ஜெர்சியை அதன்மேல் வைத்தாள் காந்தா. கோவிந்தன் அதை எடுக்கப் போனார். பிறகு விட்டுவிட்டார். பாய் வாசலிலேயே நின்றுகொண்டார். கூரை ஓட்டின் சூடு உள்ளே இறங்கியது. உடுக்கை மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்தது. செல்லி உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடினாள். தலைமுடி அவிழ்ந்தது.

"அப்பா," என்றாள்.

கோவிந்தன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "யாரும்மா வந்துகிறது?"

"நாந்தாம்பா. உம் பெரிய பொண்ணு."

"இன்னாம்மா கொற? இன்னா வேணும் உனக்கு?"

"எரியுதுப்பா. பந்து பட்ட எடம் எரியுதுப்பா. எனக்கு ஒண்ணியும் வேணாம். என் தங்கச்சிய அனுப்பாத. அந்தப் பந்து அவளையும் வுடாது."

கோவிந்தன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். கன்னியம்மாள் அழவில்லை. அவள் செல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிடுமோ என்று பார்ப்பதுபோல இருந்தது.

காந்தா எழுந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"உக்காருடி," என்றார் கோவிந்தன்.

"அக்காதான வந்துகிறா. நான் கேக்கக் கூடாதா? அக்கா, பந்து பட்டது ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம நீயும் நானும் சேந்து புளிமூட்டை தூக்கனோம். மேட்டு மேல வரைக்கும் தூக்கனோம். அன்னிக்கு உனக்கு எரியலயா?"

உடுக்கை ஒரு அடி தவறியது. "உள்ள இருந்துச்சு," என்றாள் செல்லி. "உள்ளயே இருந்துச்சு."

"செவ்வாக்கெழம நோவு வந்துச்சு. சரி. புதங்கெழம மத்தியானம் நோவே இல்லன்னியே. களி தின்னியே. பந்து வெடிக்க வெச்சிருந்தா ஞாயித்துக்கெழமயே வெடிச்சிருக்கும். புதங்கெழம எப்டி வெடிக்கும்? புதங்கெழம காலைல இன்னா நடந்துச்சு? நீயே சொல்லு, இன்னா நடந்துச்சுன்னு..."

அவள் பார்வை அம்மாவிடம் போனது. கன்னியம்மாள் தன் வலது கையை இடது கையால் மூடி மடியில் அழுத்தி வைத்திருந்தாள். காந்தாவின் வாய் திறந்தபடியே நின்றது. எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். செல்லிகூட ஆட்டத்தை நிறுத்தியிருந்தாள்.

காந்தா வாயை மூடினாள். எச்சிலை விழுங்கினாள்.

"ஒண்ணும் நடக்கல," என்றாள். "பந்துதான். நான் போவல. பாய், நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க."

உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசலில் பாய், "பேட்டி..." என்று உருதுவில் மகளே எனக் கூப்பிட ஆரம்பித்து நிறுத்தினார்.

கோவிந்தன் கண்ணைத் துடைத்தார். "முடிஞ்சுது. கற்பூரத்த காட்டு," என்றார்.

"முடியல," என்றாள் கன்னியம்மாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பூவரசன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரோரம் நின்றிருந்தான்.

"மாப்ள. வண்டில நீதான கூட இருந்த. எம் பொண்ணு கடைசியா இன்னா சொன்னா?"

"அத்தை, வேணாம்."

"அவளே இப்ப வந்து சொல்லிட்டாளேடி," என்றார் கோவிந்தன். "மறுபடி இன்னாத்துக்கு மாப்ளய கேக்கற? பந்து இல்லன்னு அவரு சொல்லட்டும், புதங்கெழம நானே அவளக் கூட்டிக்கினு போயி சென்னைல வுட்டுட்டு வர்றேன். சொல்லுவாரா? அவருந்தான் பந்துன்னு ஒத்துக்கினாரு."

"அவரு ஒத்துக்கல. கம்முனு இருந்தாரு. ஒரு வருசமா எனக்காக கம்முனு இருக்காரு." கன்னியம்மாள் மடியிலிருந்த வலது கையைத் திறந்து தரையில் வைத்தாள். விரல் நுனிகளைப் புளி அரித்து வெள்ளையாக்கியிருந்தது. "இந்தப் பொண்ணும் இப்ப எனக்காகத்தான் வாய மூடிக்கினா. செத்தவ ஒருத்தி, உசிரோட கீறவ ஒருத்தி, ரெண்டு பேரு மேலயும் நான் ஏறி உக்காந்துக்க முடியாது. சொல்லு மாப்ள. இன்னா சொல்லியிருந்தாலும் சொல்லு."

உடுக்கைக்காரன் உடுக்கையைக் கீழே வைத்தான். கோவிந்தன் மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மெதுவாகப் புரிய ஆரம்பித்திருந்தது.

பூவரசனால் மூன்று விதமாகச் சொல்ல முடிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லலாம். தங்கச்சி ஆடணும் என்று சொன்னாள் எனலாம். இரண்டும் பொய். மூன்றாவதைச் சொன்னால் அது அத்தையைக் காப்பாற்றுமா, கொல்லுமா என்று ஒரு வருசமாக அவனுக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் கேட்கிறவள் அவளேதான்.

அவன் சுவரைவிட்டு வந்து கன்னியம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஆம்புலன்ஸ்ல கூட இருந்தவரு, வயித்த யாருனா அழுத்தனீங்களான்னு கேட்டாரு," என்றான். "எனக்குக் கோவம் வந்துச்சு அத்தை. உங்க பேரச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ரேணு என் சட்டையப் புடிச்சு இஸ்து, என்னத்தான் பாத்து சொன்னா."

"இன்னா சொன்னா?"

"'எங்கம்மாவ ஒண்ணியும் சொல்லாதய்யா. அது மெதுவாத்தான் அழுத்துச்சு. நாந்தான், நல்லா அழுத்தும்மா, நல்லா அழுத்தும்மான்னு சொன்னேன்.'"